பங்களா அலமாரியில இருந்து லயத்துக்கு வந்த கதைப்புத்தகங்க: பழசை ஏன் திருத்தாம வச்சிருக்கணும்

பழைய சிறுவர் புத்தகம் சேக்கிறவங்க இலங்கை மலையகத்துல ரொம்பப் பேர் இல்ல, ஆனா இருக்கிற கொஞ்சப் பேருக்கும் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும், இதுல இருக்கிற கருத்தெல்லாம் இந்தக் காலத்துக்கு ஆகாதே, நிறவெறி இருக்கு, பொம்பளைப் பிள்ளைன்னா அடுப்படிதான்னு இருக்கு, சாதி இருக்கு, இதைப் போய் காசு குடுத்து வாங்கி எதுக்கு வீட்டுல அடுக்குறீங்கன்னு. நியாயமான கேள்விதான். இதுக்கு கொஞ்சம் நீளமாத்தான் பதில் சொல்லணும், ஏன்னா ஹட்டன்லயோ பண்டாரவளையிலயோ உக்காந்து இந்தப் புத்தகங்களைப் பொரட்டுறப்போ, லண்டன்ல இருக்கிறவங்க கண்ணுக்குப் படாத சில விஷயம் நம்ம கண்ணுல பட்டுருது.

மொதல்ல இதெல்லாம் மலைக்கு எப்படி வந்திச்சுன்னு பாக்கணும். 1820கள்ல கோப்பி, 1867ல லூல்கந்துரயில ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டதுக்குப் பெறகு மலை முழுக்க தேயிலை, ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு தொரை, தொரைக்கு ஒரு பங்களா, தொரைசானி, பிள்ளைங்க. அந்தப் பிள்ளைங்க சின்ன வயசு வரைக்கும் இங்க ஆயா கையில வளரும், அப்புறம் படிக்கிறதுக்கு சீமைக்கு கப்பலேத்திருவாங்க, அதுவரைக்கும் அதுங்களுக்கு வேண்டிய படப்புத்தகம் கதைப்புத்தகம் எல்லாம் அங்க இருந்துதான் வரணும். 1972லயும் 1975லயும் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்து தோட்டங்களை அரசாங்கம் எடுத்தப்போ மிச்சமிருந்த வெள்ளைக்காரத் தொரைமாரும் கெளம்பிட்டாங்க, வெள்ளிச் சாமான் எல்லாம் பெட்டியில போச்சு, பிள்ளைங்க படிச்சு முடிச்ச புத்தகத்தை யாரு தூக்கிட்டுப் போவா. கொஞ்சம் கிளப்புக்குப் போச்சு, கொஞ்சம் பழைய பேப்பர் கடைக்குப் போச்சு, பங்களாவுல அப்புவா, அதாவது சமையல்காரரா, வேலை பாத்தவங்க வழியா கொஞ்சம் தோட்டத் தொழிலாளிங்க குடியிருக்கிற லயத்துக்கும் வந்திச்சு. அப்படி வேலை பாத்த ஒரு தாத்தாகிட்ட இதைப் பத்திக் கேட்டப்போ அவரு சொன்னது, "தம்பி, அடுப்பு பத்த வைக்க நல்லா இருக்கும்னு தான் பெட்டி பெட்டியா குடுத்தாங்க, படம் இருக்கிறதை மட்டும் நான் எடுத்து வச்சேன்." படம் இருக்கிறதை எடுத்து வச்சதாலதான் இன்னைக்கு நமக்குக் கிடைக்கிறதுல பெரும்பாலும் சின்னப் பிள்ளைங்க புத்தகமா இருக்கு.

அந்தக் காலத்து அலமாரி எப்படி இருந்திருக்கும்னு பாக்க ஆசைப்படுறவங்க அப்புத்தளைக்குப் போய் அடிஷாம் பங்களாவைப் பாக்கலாம், 1931ல சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டினது, இப்போ பெனடிக்ட் சபை துறவிகள் கையில இருக்கு, லைப்ரரி அறையை அப்படியே பாதுகாத்து வச்சிருக்காங்க.

இன்னொரு பக்கம் தமிழ்ப் புத்தகம். 1947 ஜூலையில மெட்ராஸ்ல தொடங்குன அம்புலிமாமா, அப்புறம் கோகுலம், முத்து காமிக்ஸ், ராணி காமிக்ஸ், லயன் காமிக்ஸ்னு இந்தியாவுல இருந்து வந்தது ஒரு கூட்டம். 1970கள்ல இந்தியப் பத்திரிகைகளை இறக்குமதி பண்ணக் கட்டுப்பாடு வந்திச்சு, அதனால அந்தச் சில வருஷத்து இதழ் இங்க கிடைக்கிறது அபூர்வம், கிடைச்சா கையால தொடுறதுக்கே பயமா இருக்கும். யாழ்ப்பாணத்துல இருந்து ஆறுமுக நாவலரோட பாலபாடம்ங்கிற பாடப் புத்தகமும் சோமசுந்தரப் புலவர் பாட்டும் வாத்தியார்மார் பெட்டியோட ஏறி வந்திச்சு. சோவியத் புத்தகங்களும் உண்டு, கெட்டி அட்டை, நல்ல தாள், கலர் படம், விலை கொறவு, தமிழ்லயும் சிங்களத்துலயும் கிடைச்சது, அதுல வர்ற கூட்டுப்பண்ணையும் டிராக்டரும் எங்க பிள்ளைங்களுக்கு ராட்சசன் கதை மாதிரிதான் தூரமா இருந்திருக்கும், ஆனா அந்தப் படங்களோட அழகுக்கு ஈடு இன்னைக்கும் இல்ல.

இப்படி வந்ததுல மிஞ்சினது கொஞ்சம்தான். 1977லயும் 1983லயும் கலவரத்துல வீடு எரிஞ்சப்போ புத்தகமும் சேந்து எரிஞ்சது, லயத்து காம்பராவுல கூரை ஒழுக்கு, அடுப்புப் புகை, வருஷம் பூரா ஈரம். அதனால இங்க கிடைக்கிற ஒரு பிரதி எந்த நிலையில இருந்தாலும், அட்டை இல்லாட்டியும், அது தப்பிப் பொழைச்ச பிரதி.

என்கிட்ட நொடி (Noddy)ங்கிற பொம்மைப் பையன் கதைப் புத்தகம் ஒண்ணு இருக்கு. எனிட் பிளைட்டன் எழுதினது, பீக்னு ஒரு டச்சு ஓவியர் படம் போட்டது, 1949ல தொடங்கின வரிசை. மொத பக்கத்துல நீல மை பேனாவால ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை பேர், கீழ கிறிஸ்மஸ் 1953ன்னு சாய்ஞ்ச எழுத்துல. அதே பக்கத்துல கொஞ்சம் கீழ பென்சில்ல அ, ஆ, இ, ஈன்னு பெரிசு பெரிசா, ஈ மட்டும் நாலஞ்சு தடவை எழுதி எழுதிப் பழகியிருக்கு, உள்ள போகப் போக பொம்மைங்க முகத்துக்கெல்லாம் பொட்டு வச்சிருக்கு, நொடியோட காருக்கு சக்கரத்துல பூ. வெளிநாட்டுல சேக்கிறவங்க கிறுக்கல் இருக்குன்னா விலையைக் கொறைப்பாங்க. எனக்கு அந்தப் பென்சில் எழுத்துதான் புத்தகத்தை விடப் பெரிசு, ஏன்னா ஒரே புத்தகத்தை ரெண்டு பிள்ளைங்க வச்சிருந்திருக்கு, ஒண்ணு பங்களாவுல, ஒண்ணு லயத்துல, ரெண்டாவது பிள்ளை கையில அது கொப்பியா மாறியிருக்கு.

சரி, அந்த நொடி கதையில அப்படி என்ன தப்பு. அதுல கொலிவொக்னு ஒரு பொம்மை வரும், கரி மாதிரி கறுப்பு மூஞ்சி, சுருட்டை முடி, தடிச்ச செவப்பு உதடு. 1895ல புளோரன்ஸ் அப்டன்னு ஒரு அம்மா தன்னோட படக்கதையில கொண்டு வந்த உருவம் அது, அப்புறம் இங்கிலாந்து வீடுகள்ல பொம்மையா, ஜாம் போத்தல்ல சின்னமா, எல்லா எடத்துலயும் பரவிருச்சு. 1951ல வந்த நொடி கதையில ஒரு இருட்டுக் காட்டுக்குள்ள கொலிவொக் கூட்டம் நொடியை மடக்கி காரைப் பிடுங்கி உடுப்பையும் உருவிட்டு விட்டுரும். நாலு வயசுப் பிள்ளைக்கு அது சொல்லிக் குடுக்கிறது என்னன்னா இருட்டுல வர்ற கறுப்பு மூஞ்சி திருடன். 1980கள்ல வந்த பதிப்புகள்ல அவங்களை எடுத்துட்டு குட்டிச்சாத்தான் மாதிரி ஒரு கூட்டத்தைப் போட்டாங்க. இங்க இருக்கிற பழைய பிரதியில அந்தப் படம் அப்படியே இருக்கு, அதைப் பாத்துகிட்டு இருந்த லயத்துப் பிள்ளை தன்னோட கையையும் பாத்திருக்கும்தானே.

அதே மாதிரி சாம்போ கதை, 1899. ஹெலன் பானர்மன்னு ஸ்காட்லாந்துக்கார அம்மா, புருசன் இந்தியாவுல டாக்டர், மெட்ராஸ் மாகாணத்துல இருந்த காலத்துல தன் பிள்ளைங்களுக்காக எழுதினது. புலிங்க ஒண்ணை ஒண்ணு வால் கடிச்சு மரத்தைச் சுத்தி ஓடி ஓடி நெய்யா உருகிரும், அந்த நெய்யில பலகாரம் சுட்டு சாம்போ மட்டும் 169 தின்னுவான். கதை என்னமோ நல்ல கதை, பையன் தன் புத்தியால தப்பிக்கிறான், புலியும் நெய்யும் நம்ம பக்கத்துதான், ஆனா பேரும் படமும் அமெரிக்காவுல கறுப்பு மக்களைக் கேலி பண்ணுற உருவமா ஆகிருச்சு. 1996ல இந்தக் கதையையே ரெண்டு விதமா புதுசா போட்டாங்க, ஒண்ணுல ஜூலியஸ் லெஸ்டரும் ஜெரி பிங்க்னியும் சேந்து கறுப்பின மக்களோட சொந்தக் குரல்ல திருப்பிச் சொன்னாங்க, இன்னொண்ணுல ஃபிரெட் மார்செலினோ அதை முழுசா இந்தியாவுக்குக் கொண்டு வந்து பையனுக்கு பாபாஜின்னு பேர் வச்சாரு. கதை பொழைச்சிருச்சு, கேலி போயிருச்சு. திருத்தம் நல்லபடியா நடந்த ஒரு உதாரணம் சொல்லச் சொன்னா நான் இதைத்தான் சொல்லுவேன், ஏன்னா ரெண்டும் வேற பேர்ல வந்திச்சு, பழசை யாரும் மறைக்கல.

ஆனா எனக்கு இந்த விஷயத்துல கண்ணைத் தொறந்து விட்டது சார்லியும் சொக்லட் ஃபெக்டரியும் கதைதான். ரோல்ட் டால் எழுதினது, 1964ல அமெரிக்காவுலயும் 1967ல இங்கிலாந்துலயும் வந்திச்சு. மொத பதிப்புல ஊம்பா லூம்பாங்கிற சின்ன மனுசங்க ஆப்பிரிக்கக் காட்டுல இருந்து வந்த கறுப்பு மனுசங்க. வொங்கா மொதலாளி ஏற்கனவே இருந்த வேலைக்காரங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிட்டு, காட்டுல பட்டினியில கிடந்த இந்தக் கூட்டத்தோட தலைவன்கிட்ட பேசி, எல்லாரும் என்னோட வந்து ஃபெக்டரியிலயே இருங்க, கூலிக்கு கொக்கோ கொட்டை தர்றேன்னு சொல்லி, ஓட்டை போட்ட பெட்டிக்குள்ள வச்சு கப்பல்ல கொண்டு வந்துருவாரு. அவங்க வெளிய போறதே இல்ல, அங்கயே தங்கி, அங்கயே வேலை, அங்கயே பாட்டு. புது மிட்டாய் சரியா வருதான்னு பாக்க மொதல்ல அவங்களுக்குத்தான் குடுப்பாரு, ஒரு வயசாளி காத்துல மெதந்து மேல மேல போய் திரும்பி வரவே இல்லன்னு சாதாரணமா சொல்லிட்டு அடுத்த அறைக்குப் போயிருவாரு.

இதை மலையகத்து ஆள் படிச்சா என்ன தோணும். பஞ்சத்துல கிடந்த ஊர்ல இருந்து கங்காணி போய் ஆள் சேத்து, கடல் கடத்தி, மன்னார்ல இருந்து காட்டுப் பாதையில நடக்க வச்சு, வழியிலயே செத்தவங்க போக மிச்சத்தைக் கொண்டு வந்து லயத்துல வச்சு, கூலியில ஒரு பங்கை அரிசியா அளந்து, கடனைத் துண்டுல எழுதி ஒரு தோட்டத்துல இருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கை மாத்தின கதை நம்ம வீட்டுக் கதை. அந்தத் துண்டு முறையை 1921லதான் ஒழிச்சாங்க. 2023ல, நம்ம ஆளுங்க மலைக்கு வந்து 200 வருஷம் ஆனதை மலையகம் 200ன்னு ஊர் ஊரா நினைவு கூர்ந்தமே, அதோட சுருக்கம் அந்தக் கதைப்புத்தகத்துல ஒரு அத்தியாயத்துல வேடிக்கையா உக்காந்திருக்கு, எழுதினவரு நம்மளை நினைச்சு எழுதியிருக்க மாட்டாரு, ஆனா வெள்ளைக்காரன் பிள்ளைக்கு அதுல சிரிக்க எடம் இருந்திச்சு, நமக்கு இல்ல.

இப்போ திருத்தத்துக்கு வருவோம். அமெரிக்காவுல கறுப்பின அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவிச்சதுக்குப் பெறகு 1971 படத்துல ஊம்பா லூம்பாக்களுக்கு ஒரேஞ்சு மூஞ்சியும் பச்சை முடியும் வச்சாங்க, 1973ல புத்தகத்தையே மாத்தி செவந்த வெள்ளைத் தோலும் பொன் நிறத் தலைமுடியுமா ஆக்கி, லூம்பாலாந்துன்னு இல்லாத ஒரு ஊரைக் குடுத்தாங்க. 2023ல இன்னொரு திருத்தம், சின்ன ஆம்பளைங்கன்னு இருந்ததை சின்ன மனுசங்கன்னு ஆக்கினாங்க. எல்லாம் சரி. ஆனா பெட்டியில வந்தது அப்படியே இருக்கு, கொக்கோ கூலி அப்படியே இருக்கு, ஃபெக்டரியை விட்டு வெளிய போகாத வாழ்க்கை அப்படியே இருக்கு, மெதந்து போன வயசாளி இன்னும் மெதந்துகிட்டேதான் இருக்காரு. தோல் நிறத்தை மாத்தினாங்க, கூலியை மாத்தல. திருத்தினவங்களுக்கு நிறம் கூச்சமா இருந்திச்சு, கூலி கூச்சமா இல்ல, அவ்வளவுதான். புதுப் பதிப்பை மட்டும் படிக்கிற பிள்ளைக்கு அவங்க யாரு, எங்க இருந்து வந்தாங்கங்கிற தடயமே இல்லாம போயிருது, 1964 பதிப்பையும் 1973 பதிப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் எதைத் திருத்தினாங்க எதை விட்டாங்கன்னு தெரியும். நான் திருத்தாத பதிப்பைத் தேடுறதுக்கு இதுதான் முக்கிய காரணம்.

இந்த மாதிரி யாருக்குக் கூச்சமோ அவங்களுக்கு மட்டும் திருத்துற பழக்கம் நம்ம பக்கத்துலயும் உண்டு. முகமூடி வீரர் மாயாவி கதையை எடுத்துக்கோங்க, லீ ஃபாக் 1936ல தொடங்கினது, 1536ல இருந்து பரம்பரை பரம்பரையா ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் காட்டை ஆளும், பண்டார் குள்ளர்கள் விஷ அம்போட காவல் நிப்பாங்க. இந்தியாவுல 1964ல இந்திரஜால் காமிக்ஸ் இதைப் போட ஆரம்பிச்சப்போ கதையில வர்ற பெங்காலிங்கிற நாட்டுப் பேரை டெங்காலின்னு மாத்தினாங்க, சிங் கொள்ளைக்காரங்களை சிங்கான்னு மாத்தினாங்க, வாங்குற ஆளுங்க கோவிச்சுக்கக் கூடாதில்லையா. பண்டார் குள்ளர்களுக்காகப் பேச அங்க யாரும் இல்ல, அதனால அவங்க அப்படியே இருந்தாங்க. நம்ம ஆளுங்களும் காட்டுக்கு ஒரு வெள்ளை ராசா வேணும்ங்கிறதை ஒரு கேள்வி இல்லாம ரசிச்சுப் படிச்சிருக்கோம், இன்னொரு காமிக்ஸ் வீரரான இரும்புக்கை மாயாவிக்கும் இவருக்கும் எங்க தோட்டத்து டிவிசன்ல சண்டையே நடக்கும் யாரு பெரிய ஆளுன்னு.

வெள்ளைக்காரன் புத்தகத்துல இருக்கிற குத்தத்தைக் கண்டுபிடிக்கிறது லேசு, அது வெளியில இருந்து வந்தது. நம்ம தமிழ்ப் புத்தகத்துல இருக்கிறதைப் பாக்கத்தான் கண்ணு கூசுது. ஆத்திசூடியில தையல் சொல் கேளேல்னு ஒரு வரி இருக்கு, பொம்பளை பேச்சைக் கேக்காதேன்னு. இஸ்கூல் புத்தகத்துல அறம் செய விரும்புல தொடங்கி உயிர் எழுத்து முடியிற வரைக்கும் போட்டு நிறுத்திருவாங்க, அதனால பல பேருக்கு இந்த வரி இருக்கிறதே தெரியாது, பழைய முழுப் பதிப்பை எடுத்தாத்தான் தெரியும். தோட்டத்துல கொழுந்து எடுக்கிறது பூரா பொம்பளைங்க, காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய் அந்தி வரைக்கும் மலையில நின்னு வீட்டுக்கு வந்து அடுப்பையும் பத்த வைக்கிறவங்க, அவங்களுக்கு 1984 வரைக்கும் நாட்சம்பளம் ஆம்பளையை விடக் கொறவு. அந்த அம்மா சம்பாதிச்ச காசுல சிலேட்டு வாங்கிட்டுப் போற பிள்ளைக்கு இஸ்கூல்ல இந்தப் பாடம். பாரதி புதிய ஆத்திசூடியில இதுக்கு நேராவே பதில் சொல்லிட்டாரு, தையலை உயர்வு செய்னு. தொன்மை மறவேல்னு அவ்வை சொன்னதுக்கு தொன்மைக்கு அஞ்சேல்னு இவரு எழுதினாரு. ரெண்டு ஆத்திசூடியையும் ஒரே தட்டுல வைக்கிறவங்களுக்கு இந்த வாக்குவாதம் கேக்கும், ஒண்ணை மட்டும் வைக்கிறவங்களுக்குக் கேக்காது.

நாவலர் பாலபாடமும் அப்படித்தான். பிள்ளைங்களுக்கு விளங்குற மாதிரி சின்னச் சின்ன வசனத்துல, நிறுத்தக் குறி போட்டு, தமிழ்ல உரைநடைப் பாடப் புத்தகம் எப்படி எழுதணும்னு காட்டினவரு அவரு, அந்த உழைப்புக்கு முன்னால தலை வணங்கணும், நான் மனசாரச் சொல்றேன். அதே நேரம் நாலாம் பாலபாடத்துல கற்புன்னு பொம்பளைக்கு ஒரு தனிப் பாடமே இருக்கு, சாதி ஆசாரத்தை விடாம பிடிச்சவரும் அவருதான். அவர் நினைச்ச மாணவர் சைவ வேளாள வீட்டுப் பையன், மலையில மண்ணு வெட்டுற வீட்டுப் பிள்ளை அவர் கணக்குல கெடையாது.

அம்புலிமாமா பத்தி ஒரு குறை சொன்னா கூட சண்டைக்கு வருவாங்க, எனக்கும் அது உசிரு. சங்கர் வரைஞ்ச படத்துல விக்கிரமன் கையில வாளோட தோள்ல பிணத்தைச் சுமந்துகிட்டு நடக்கிறதைப் பாத்து வளந்த ஆள் நான். பழைய வேதாளக் கதைகள்ல ஒண்ணு இருக்கு, ஒரு பொண்ணு செத்துப் போயிருவா, அவளைக் கட்டிக்க ஆசைப்பட்ட மூணு பேர்ல ஒருத்தன் அவ சாம்பல்லயே படுத்துக் கிடப்பான், ஒருத்தன் எலும்பைக் கங்கைக்குக் கொண்டு போவான், ஒருத்தன் மந்திரம் கத்துக்கிட்டு வந்து அவளை எழுப்பிருவான், இப்போ அவ யாருக்குச் சொந்தம்னு வேதாளம் கேக்கும், ராசா பெரிய நியாயம் எல்லாம் பேசி பதில் சொல்லுவாரு. இதை அக்கா மகளுக்கு வாசிச்சுக் காட்டினப்போ அவ முழுசாக் கேட்டுட்டு, "மாமா, அந்த அக்காதான் எழும்பிட்டாங்களே, அவங்ககிட்டயே கேட்டா என்ன?"ன்னா. நான் எத்தனையோ வருஷம் படிச்ச கதை, இந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்ல. கதையை அவகிட்ட இருந்து மறைச்சிருந்தா இந்தக் கேள்வி வந்திருக்காது, பொண்ணு தானே பதில் சொல்ற மாதிரி மாத்திக் குடுத்திருந்தாலும் வந்திருக்காது.

அமர் சித்திரக் கதான்னு இந்தியாவுல வந்த காமிக்ஸ் வரிசை, 1967ல தொடங்கினது, அதுல ராமன் கிருஷ்ணனை நீலமா விட்டுட்டா மத்த நல்லவங்க வெளுப்பு, அரக்கர்னா கறுப்புத் தடியன், இது பத்தி நெறையப் பேர் எழுதிட்டாங்க, நான் நீட்டல.

இத்தனை புத்தகத்தையும் ஒண்ணா வச்சுப் பாத்தா இன்னொரு விஷயம் பளிச்னு தெரியும். யாழ்ப்பாணத்துப் பாட்டுல பனங்கட்டி, கூழ், ஆடிப்பிறப்பு. அம்புலிமாமாவுல சமீன்தார், அக்கிரகாரம், வயல். பிளைட்டன்ல பண்ணை வீடு, இஞ்சி பியர், தீவு. தேயிலை எங்கயாவது வந்தா தேத்தண்ணிக் கோப்பையில மட்டும்தான் வருது, அதைப் பறிச்ச அம்மாவோ அவ மலையில நிக்கிறப்போ பிள்ளைங்களைப் பாத்துக்கிற புள்ளைக்காம்பராவுல தூங்குற பிள்ளையோ எதுலயும் இல்ல. நம்ம பிள்ளைங்களுக்கு நம்ம வாழ்க்கையில இருந்து வந்தது வாய்ப்பாட்டுதான், சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தேடித் தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள்ல தாலாட்டு இருக்கு, கூட கங்காணியைத் திட்டுற பாட்டும் இருக்கு. காலாவதியான கருத்துன்னு பேசுறவங்க இருக்கிறதைப் பத்தித்தான் பேசுவாங்க, இல்லாம போன பிள்ளையும் ஒரு கருத்தோட விளைவுதான், அதை ஒரு புத்தகத்தை மட்டும் பாத்துத் தெரிஞ்சுக்க முடியாது, அலமாரி நெறையச் சேத்துப் பாத்தாத்தான் தெரியும்.

இன்னொரு சமாதானம் சொல்லுவாங்க, அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க, அவங்களைக் குத்தம் சொல்லாதீங்கன்னு. இது உண்மையில்ல. 1960ல பிளைட்டனோட ஒரு கதையை மக்மிலன் கம்பெனி திருப்பி அனுப்பினாங்க, திருடனை வெளிநாட்டுக்காரனா காட்டுறதுல வேத்தாள் வெறுப்பு தெரியுதுன்னு அவங்களே குறிப்பு எழுதியிருக்காங்க. கறுப்பு மூஞ்சியை யாரும் விரும்பல, மழை வந்து கழுவினப் பெறகு எல்லாரும் ஏத்துக்கிட்டாங்கன்னு பிளைட்டன் ஒரு பொம்மைக் கதை எழுதினாரு, 1966லயே கார்டியன் பத்திரிகையில அதைக் கண்டிச்சு எழுதினாங்க. தையலை உயர்வு செய்னு எழுதின பாரதி செத்ததே 1921ல. அந்தக் காலத்துலயே கேள்வி கேட்டவங்க இருந்தாங்க, அவங்க பேச்சை நிறையப் பேர் கேக்கல.

சரி திருத்தலாமா கூடாதா. 2021ல டாக்டர் சூஸ் புத்தகங்களைப் பாக்குற நிறுவனம் ஆறு புத்தகத்தை இனிமே அச்சடிக்க மாட்டோம்னு சொன்னாங்க, ஆசிய ஆப்பிரிக்க மக்களைக் காட்டின விதம் சரியில்லன்னு. அது நேர்மையான முடிவுன்னு நினைக்கிறேன், வெளிப்படையாச் சொல்லிட்டு நிறுத்தினாங்க, பழைய பிரதி இருக்கிறவங்ககிட்ட இருக்கும். 2023ல டால் புத்தகங்கள்ல நூத்துக்கணக்கான எடத்துல சொல் மாத்தினப்போ பெரிய சத்தம் கெளம்பி, கடைசியில பழைய வாசகத்தையும் தனியாப் போடுறோம்னாங்க. பிளைட்டனோட ஃபேமஸ் ஃபைவ் கதைகளுக்கு 2010ல புதுக் காலத்து இங்கிலீஷ் போட்டாங்க, எடுபடல, 2016ல பழசுக்கே திரும்பிட்டாங்க. சின்னப் பிள்ளைக்குப் புதுப் பதிப்பு போடுறதுல எனக்கு ஒரு எதிர்ப்பும் இல்ல, என்ன வருஷம் என்ன மாத்தினோம்னு உள்பக்கத்துல போட்டுட்டுப் பண்ணணும், அதுதான் என் கோரிக்கை. லேடிபேர்ட் கம்பெனியோட பீட்டர், ஜேன்ங்கிற பிள்ளைங்க வர்ற வாசிப்புப் புத்தகத்தை எடுத்துப் பாருங்க, 1964ல ஜேன் கவுன் போட்டுகிட்டு அம்மாவுக்கு ஒத்தாசையா நிப்பா, 1970கள்ல படத்தைப் புதுசா வரைஞ்சு ஜேனுக்கு ஜீன்ஸ் போட்டு விட்டாங்க, அப்பாவும் பிள்ளைங்களோட கூடுதலா நிப்பாரு. ரெண்டு பதிப்பும் கண்டி, நுவரெலியா பக்கம் பழைய கடைகள்ல இன்னும் மாட்டும், அட்டையை மட்டும் பாத்து ஒண்ணேதான்னு விட்டுராதீங்க.

வீட்டுல நான் வச்சிருக்கிற முறை இதுதான், பிள்ளைங்க கைக்கு எட்டுற தட்டு வேற, என்னோட தட்டு வேற. நாலு வயசுப் பிள்ளைகிட்ட 1951 நொடியைக் குடுக்கவே மாட்டேன், அந்த வயசுல படம் நேரா உள்ள போயிரும், கேள்வி கேக்கத் தெரியாது. ஒம்பது பத்து வயசுக்கு மேல பக்கத்துல உக்காந்து சேந்து படிக்கலாம், அந்தப் படத்துல ஓரத்துல நிக்கிறது யாருன்னு கேக்கலாம், பேர் இல்லாத ஆள் யாரு, யாருக்குப் பேச்சே குடுக்கலன்னு கேட்டாலே பிள்ளைங்க மிச்சத்தை அதுங்களாவே கண்டுபிடிச்சிரும்.

பாதுகாக்கிற விஷயம் கொஞ்சம் சொல்லியாகணும், மலையில பெரிய எதிரி ஈரம். நுவரெலியா 1800 மீற்றருக்கு மேல, மாசக்கணக்கா மூடுபனி, புத்தகத்தைச் சொவரை ஒட்டி வச்சா ரெண்டு மாசத்துல பூஞ்சணம் பிடிச்சிரும், அலமாரிக்கும் சொவருக்கும் நடுவுல கை போற அளவுக்கு எடம் விடுங்க, இறுக்கமா அடுக்காதீங்க. பிளாஸ்டிக் பையில கட்டிப் பத்திரப்படுத்துறேன்னு ஈரத்தையும் சேத்துக் கட்டிராதீங்க. வெயில்ல நேரா காய வச்சா தாள் மொறுமொறுன்னு ஆயிரும், நிழல்ல காத்து படட்டும், பூஞ்சணம் காஞ்சதும் மெதுவான பிரசால வெளியில வச்சுத் தட்டுங்க. பழைய காமிக்ஸ், அம்புலிமாமாவுக்கெல்லாம் நடுவுல அடிச்சிருக்கிற கம்பி துருப்பிடிச்சுத் தாளை அரிச்சிரும், கம்பியைப் பக்குவமா எடுத்துட்டு வெள்ளைப் பருத்தி நூலால அதே ஓட்டையில தைச்சிருங்க. செலோடேப் ஒட்டவே ஒட்டாதீங்க, கொஞ்ச வருஷத்துல மஞ்சளாகி எழுத்தையும் சேத்துப் பிச்சுக்கிட்டு வரும். இராமபாணப் பூச்சிக்கு ஊர்ப்பக்கம் வேப்பிலை வைப்பாங்க, நம்ம குளிருக்கு வேம்பு நல்லா வராது, பூச்சி உருண்டையைத் துணியில முடிஞ்சு தாள்ல படாம வைங்க. உள்ள ஈயத்தாள் அடிச்ச பழைய தேயிலைப் பெட்டி கிடைச்சா விடாதீங்க, தேயிலையை ஈரத்துல இருந்து காக்கப் பண்ணினது, புத்தகத்தையும் காக்கும், ஆனா உள்ள வைக்கிறப்போ புத்தகம் நல்லாக் காய்ஞ்சிருக்கணும்.

இப்போ எதைத் தேடணும்னு கேட்டா, நொடியும் டாலும் உலகத்துல எங்கயாவது யாராவது வச்சிருப்பாங்க, அதுக்கு அவசரமில்ல. அவசரம் நம்ம தோட்ட இஸ்கூல் பழைய வாசிப்புப் புத்தகங்களுக்குத்தான். 1980ல இருந்து அரசாங்கம் பாடப் புத்தகத்தை இலவசமாக் குடுக்க ஆரம்பிச்சது, அதுக்கு முந்தி காசு குடுத்து வாங்கி அண்ணன் தம்பி தங்கச்சின்னு மாறி மாறிப் படிச்ச புத்தகம், வாத்தியார் கையால எழுதின நாடகக் கொப்பி, கோயில் திருவிழா மலர்ல பிள்ளைங்க பக்கம், இதெல்லாம் பழைய ரங்குப் பெட்டிக்குள்ள இருந்து நேரா போத்தல் பேப்பர் காரங்க சாக்குக்குப் போயிகிட்டு இருக்கு. நூலகம் திட்டம் 2005ல இருந்து இலங்கைத் தமிழ் ஆவணங்களை மின்வடிவத்துல சேத்து எல்லாரும் படிக்கிற மாதிரி இணையத்துல போடுறாங்க, கையில இருக்கிறதை விக்கவும் வேணாம் குடுக்கவும் வேணாம், ஸ்கேன் பண்ணிக் குடுத்தாப் போதும். ஸ்கேன் பண்ணுறப்போ பேர், வருஷம், அச்சகம் இருக்கிற பக்கத்தையும் பின்னட்டையையும் விடாதீங்க, உள்ள பிள்ளைங்க கிறுக்கியிருந்தா அந்தப் பக்கத்தையும் அழிக்காம அப்படியே எடுங்க, எந்தத் தோட்டம் எந்த டிவிசன்ல கிடைச்சதுன்னு ஒரு துண்டுத் தாள்ல எழுதிச் சேத்து வைங்க.